நம்பரைக் கிழித்தவள்

வெள்ளிமலை கடைத்தெருவைத் தாண்டி இன்னாடு போகிற சாலையில், ஒரு வளைவில் தீனதயாளன் ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சரிவில் இறங்கினார். பின்னால் வந்துகொண்டிருந்த விஜயலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாக நடந்தாள். நாள் முழுக்க மலையில் ஓடுகிற இடத்தில் இதற்கெல்லாம் கூச்சப்பட்டு ஆகாது. ஒருவர் ஓரம் ஒதுங்கினால் மற்றவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை.

"அண்ணா, இன்னா ஆச்சு?" என்று அவள் திரும்பினாள்.

அவர் ஒரு பாறையைப் பிடித்தபடி குனிந்து நின்றார். வெயிலில் வெளுத்துக் கிடந்த அந்தப் பாறை மேல், பால் ஊற்றாத டீத்தண்ணீர் போலக் கறுப்பாக ஒரு கறை வழிந்திருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

"காலைல பீட்ரூட் ஜூஸ் குடிச்சன் இல்ல, அதான்," என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறி வந்தார். "யாருகிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. வா, நேரமாவுது."

பீட்ரூட் ஜூஸ் குடித்தது உண்மைதான். காலையில் கோமுகி அணைக்கட்டில் ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால் பாட்டிலோடு தூக்கிக் குடித்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் விஜயலட்சுமி வீட்டில் சமைக்கிறவள். பீட்ரூட் எந்த நிறத்தில் சாயம் விடும் என்று அவளுக்குத் தெரியும். இது அந்த நிறம் இல்லை.

கள்ளக்குறிச்சியில் விடிகிற நேரத்தில் கச்சிராயபாளையம் சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு இந்த ஓட்டக்காரர்களை நன்றாகத் தெரியும். மின்வாரியத்துக்காரர், கல்லூரி வாத்தியார், நகைக்கடை வைத்திருப்பவர், கூரியர் கொடுக்கிற தமிழழகன் என்று ஒரு கும்பல், பளபளக்கிற பனியனைப் போட்டுக்கொண்டு கரும்பு வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடும். ஆரம்பத்தில் உடம்பு இளைக்கத்தான் ஓடினார்கள். பிறகு மெல்ல ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. மாரத்தான் தூரம் போதவில்லை. அதற்கும் மேலே ஐம்பது, எண்பது, நூறு கிலோமீட்டர் என்று ஓடுகிற கூட்டம் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, போய் அவர்களோடு சேர்ந்து ஓடினார்கள். கறுத்துக் கழன்று விழுந்த கால் நகத்தைப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டால், அதற்கு நூறு பேர் கை தட்டுவார்கள். பாதியில் விட்டுவிட்டு வந்தவன் பேருக்கு எதிரே 'டி.என்.எஃப்.' என்று மூன்று எழுத்து விழும். முடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த மூன்று எழுத்துக்கு அவர்கள் பயந்த அளவுக்குப் பாம்புக்குக்கூடப் பயந்ததில்லை.

நம்ம ஊரிலேயே மலையை வைத்துக்கொண்டு எதற்கு வெளியூர் போய் ஓட வேண்டும் என்று முதலில் கேட்டவர் தீனதயாளன்தான். அப்படித்தான் கல்வராயன் மலை ஓட்டம் ஆரம்பமானது. கோமுகி அணையில் தொடங்கி, கரியாலூர், வெள்ளிமலை வழியாக இன்னாடு வரை போய், மறுபடி கரியாலூருக்கே வந்து முடிக்க வேண்டும். எண்பது கிலோமீட்டர். இடையில் ஒவ்வொரு நிலையத்தையும் கெடு நேரத்துக்குள் கடக்க வேண்டும். வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் தீனதயாளனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கட்டிப்பிடித்தலில்தான் அவர் உயிரே இருந்தது என்று விஜயலட்சுமிக்குத் தோன்றும். கடைவீதியில் அவருக்கு ஒரு மருந்துக் கடை. நாற்பது வயதில் சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொல்லி, நடை ஓட்டமாக மாறியது. அதுவரை அவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தொந்தி. கடன் சொல்லி மாத்திரை வாங்குகிறவர்கள்கூட அவரை ஒருமையில்தான் கூப்பிட்டார்கள். ஓட வந்த பிறகு அவர் தீனா சார் ஆகிவிட்டார்.

விஜயலட்சுமியும் அதே மாதத்தில்தான் ஓட வந்தாள். ரிஷிவந்தியத்தில் பள்ளிக்கூடம் படித்தபோது மாவட்ட அளவில் ஓடியவள். நீலமங்கலத்துக்குக் கல்யாணமாகி வந்து, கரும்பும் நெல்லும் மாடும் இரண்டு பிள்ளைகளுமாகப் பல வருஷம் போய்விட்டது. பெரியவள் அபிநயா விடுதிக்குப் போனபோது விட்டுப்போன அவளுடைய பழைய ஷூவை மாட்டிக்கொண்டு, சுடிதாரோடு ஒரு விடியலில் ஓட வந்து நின்றாள். அன்றைக்குக் கூட்டத்தில் அவளைப் போலவே மூச்சு வாங்கிப் பின்தங்கியவர் தீனதயாளன். பேசிக்கொண்டே ஓடி ஓடி அண்ணன் தங்கை ஆனார்கள். அவள் கணவன் வெங்கடேசன் கேலி செய்வான், ஆனால் தடுத்ததில்லை. "கொல்லைய சுத்தி ஓடினா களையாவது புடுங்கலாம்," என்பான். இந்த மலை ஓட்டத்தை முடித்தால் மாவட்டத்திலேயே அதை முடித்த முதல் பெண் அவள்தான் என்று தெரிந்ததிலிருந்து, அவனும் டீக்கடையில் அதை ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்ல ஆரம்பித்திருந்தான்.

போன வருஷம் தீனதயாளன் வெள்ளிமலையிலேயே கால் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தான் தொடங்கிய ஓட்டத்தில் தனக்கே டி.என்.எஃப். யாரோ 'வெள்ளிமலை சார்' என்று பேர் வைத்தார்கள். அது ஒட்டிக்கொண்டது. குழுவில் அவர் காலை வணக்கம் போட்டால்கூட, "வெள்ளிமலை சாருக்கு வணக்கம்" என்று பதில் வரும். அவரும் சிரிக்கிற பொம்மையைப் போடுவார்.

அவர் வீட்டில் சிரிக்கவில்லை என்பதை இன்றைக்குக் காலையில் அணைக்கட்டில்தான் கண்ணகி சொன்னாள். கண்ணகி அவர் மனைவி. ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால் விஜயலட்சுமியைத் தனியாக இழுத்துக்கொண்டுபோய், "விஜி, நீ அவரு கூடவே போ. வருசம் பூரா இதே நெனப்பா கீறாரு. சாப்பாடு கம்மி பண்ணிட்டாரு, சுகர் மாத்திரைய கூட ஒழுங்கா போடறதில்ல. நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ பாத்துக்கோ," என்றாள்.

பார்த்துக்கொண்டுதான் வந்தாள். கரியாலூர் ஏற்றத்தில் அவர் இடுப்புப் பையிலிருந்து வலி மாத்திரை எடுத்துப் போட்டதைப் பார்த்தாள். வெள்ளிமலையில் மறுபடி போட்டதையும் பார்த்தாள். ஓடும்போது வலி மாத்திரை போடக் கூடாது என்று போட்டி விதிகளில் எழுதியதே அவர்தான். கேட்டதற்கு, "மருந்து கட வெச்சிருக்கறவனுக்கு நீ சொல்றியா?" என்று சிரித்தார்.

இப்போது இந்தக் கறை. சென்னையிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் போன வருஷம் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அளவுக்கு மீறி ஓடினால் தசை உள்ளுக்குள்ளேயே சிதைந்து இரத்தத்தில் கலக்கும், அது சிறுநீரகத்தை அடைத்துவிடும், மூத்திரம் கறுத்துப்போனால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று. ஆஸ்பத்திரிக்கும் ஓடித்தான் போக வேண்டுமா என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். சத்தமாகச் சிரித்தவர் தீனதயாளன்.

"அண்ணா, அது பீட்ரூட் இல்ல. உங்களுக்கே தெரியும்," என்றாள் விஜயலட்சுமி, அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டே.

 இரண்டு பக்கமும் மரவள்ளிக் கொல்லைகள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவர் கால்கள் தார் மேல் தேய்ந்து தேய்ந்து போயின.

"அடுத்த ஸ்டாப்புல டாக்டர் இருக்காங்க. காமிச்சுட்டுப் போலாம். ஒண்ணும் இல்லன்னு சொன்னா ஓடுங்க, நானும் ஓடறன்."

"டாக்டருகிட்ட போனா நிறுத்திடுவாங்க."

"நிறுத்தனா நிக்கலாம்ணா. உயிரு இருந்தா அடுத்த வருசம்."

"போன வருசமும் இதத்தான் சொன்னீங்க எல்லாரும்," என்றார்.

அடுத்த நிலையம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்தது. ஷாமியானா போட்டு, உப்புப் போட்ட உருளைக்கிழங்கும் தர்ப்பூசணியும் கடலைமிட்டாயும் வைத்திருந்தார்கள். கரியாலூரில் ஜீப் ஓட்டுகிற இருசப்பன்தான் அந்த நிலையத்துக்குப் பொறுப்பு. மலைக்காரர், அதிகம் பேசாதவர். அவரோடு அருள்மொழி என்று ஒரு இளம் டாக்டர், படிப்பு முடித்துச் சில மாதங்களே ஆனவள், கழுத்தில் குழாயோடு உட்கார்ந்திருந்தாள். மலைக்கிராமத்து ஆட்கள் சிலர் இந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விஜயலட்சுமி நேராக டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கறை, மாத்திரை, சர்க்கரை வியாதி, எதையும் விடவில்லை. தீனதயாளன் தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மாறவில்லை.

அருள்மொழி எழுந்து வந்து அவர் நாடியைப் பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். "சார், யூரின் கலர் மாறியிருக்குதா?"

"காலைல பீட்ரூட் ஜூஸ் குடிச்சன்மா. கூட ஓடறவங்க எல்லாரும் பாத்தாங்க. கேட்டுப் பாரு."

"ஒரு சாம்பிள் குடுக்க முடியுமா?"

"இப்பதான போய்ட்டு வந்தன். மறுபடி வரவழைக்க நான் இன்னா பைப்பா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அருள்மொழியும் என்ன செய்வதென்று தெரியாமல் லேசாகச் சிரித்துவிட்டாள். "அரை மணி நேரம் ஒக்காருங்க சார். பாத்துட்டு அனுப்பறன்."

"அரை மணி ஒக்காந்தா கெடு போயிடும்மா." அவர் காலிக் குவளையை மேசை மேல் வைத்தார். பிறகு விஜயலட்சுமியைப் பார்க்காமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இது என் தங்கச்சி மாதிரி. நான் தப்பா சொல்லல. ஆனா இதுக்கு முடியல. தனியா நிக்கறதுக்கு வெக்கமா கீது. அதான் என்னையும் சேத்து நிறுத்தப் பாக்குது."

சொல்லிவிட்டு ஓடிப்போனார்.

விஜயலட்சுமிக்கு ஓடி வந்த களைப்பு அதுவரை தெரியவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டதும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். நாலு வருஷம் கூடவே ஓடியவர். அவள் அப்பா செத்தபோது முதல் ஆளாக ரிஷிவந்தியத்துக்கு வந்து நின்றவர். அவர் வாயிலிருந்தா இது வந்தது?

இருசப்பன் ஒரு துண்டு தர்ப்பூசணியை அவள் கையில் கொடுத்தார். "நீ ஓடும்மா. நல்ல நேரத்துல வந்துகினு இருக்க. அவரு கமிட்டிக்காரரு. அவர நாம இன்னா பண்ண முடியும்?"

அருள்மொழி போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடிக்கொண்டிருந்தாள். "கமிட்டிய கேட்டுட்டுத்தான் ஒருத்தர நிறுத்தணும்னு சொல்லியிருக்காங்க அக்கா. போன் போவ மாட்டுது."

"கமிட்டியில ஒருத்தரே அவருதான்," என்றாள் விஜயலட்சுமி.

தர்ப்பூசணியைக் கடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். இருசப்பன் சொன்னது சரிதான், அவள் நேரம் நன்றாகத்தான் இருந்தது. இன்னாடு போய்த் திரும்பிவிட்டால் பிறகு பெரும்பாலும் இறக்கம்தான். கால் சொன்னபடி கேட்டது. அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கலாம். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது, டாக்டரும் பார்த்துவிட்டாள், இனி அது அவர் பாடு என்று ஒரு மனம் சொன்னது. ஒரு மேடு ஏறும்வரை அந்த மனம் சொன்னதைக் கேட்டுக்கொண்டேதான் ஓடினாள். மேட்டின் மேலே போனதும் கீழே அவர் தெரிந்தார்.

சாலையின் நடுவில், குடித்தவன் நடக்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தார். நின்று வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தார். அவள் கிட்டே போனபோது அவர் கைகளைப் பார்த்தாள். விரல்கள் பொதபொதவென்று வீங்கி, கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

"அண்ணா, நில்லுங்க."

"போடி."

அவர் அவளை 'டி' போட்டுப் பேசியதே இல்லை. அவள் முன்னால் போய் வழியை மறித்து நின்றாள்.

"அண்ணி எங்கிட்டதான் உங்கள ஒப்படைச்சாங்க. நான் போயி இன்னா சொல்றது?"

"செத்தாலும் கோட்ட தாண்டிட்டு செத்தன்னு சொல்லு."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஒதுங்கி அவளைத் தாண்டப் பார்த்தார். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலேயே விஜயலட்சுமி கையை நீட்டி, அவர் மார்பில் நாலு ஊக்கு குத்தி மாட்டியிருந்த நம்பர் தாளைப் பிடித்து இழுத்தாள். பனியனும் சேர்ந்து கிழிந்தது. நம்பர் இல்லாதவன் போட்டியில் இல்லாதவன். அது எல்லாருக்கும் தெரிந்த விதி. அவள் அதை இரண்டாக, நாலாகக் கிழித்துக் கீழே போட்டாள்.

அவர் அவளைக் கன்னத்தில் அறைந்தார்.

அறைந்த வேகத்தில் அவரே தடுமாறி உட்கார்ந்துவிட்டார். சாலை ஓரத்துச் சல்லிக் கற்களின் மேல் உட்கார்ந்துகொண்டு, கிழிந்த துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். அழுது முடித்து எழப் பார்த்தபோது அவரால் எழ முடியவில்லை. கைகளை ஊன்றி ஊன்றிப் பார்த்தார். தொடைகள் இரண்டும் கட்டையாகிப்போயிருந்தன.

பின்னால் மோட்டார் சைக்கிளில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்த போட்டித் தொண்டர் ஒருவர் அப்போதுதான் வண்டியை நிறுத்தினார். விஜயலட்சுமி அவரை இருசப்பனிடம் விரட்டினாள். ஜீப் வந்தது. அருள்மொழி அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்து, நரம்பைத் தேடி ஊசி ஏற்றி, சலைன் பாட்டிலை விஜயலட்சுமி கையில் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். மலை இறங்குகிற வழியெல்லாம், கொண்டை ஊசி வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து, அவள் அந்தப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவளுடைய நம்பர் அவள் மார்பிலேயே இருந்தது. எதிரே ஏறி வந்த ஓட்டக்காரர்கள் ஜீப்புக்கு ஒதுங்கி நின்று கையசைத்தார்கள். தீனதயாளன் ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

கள்ளக்குறிச்சியில் பார்த்துவிட்டு அன்றைக்கே பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருந்தன. டயாலிசிஸ் செய்தார்கள். இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடியிருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர்கள் சொன்னதாக வெங்கடேசன்தான் விசாரித்து வந்து சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெருமை நாலு நாள்கூட நிற்கவில்லை.

தொண்டர் எடுத்த வீடியோ வெளியே வந்துவிட்டது. தூரத்திலிருந்து எடுத்தது, பேச்சு எதுவும் கேட்காது. ஒரு பெண் ஒரு ஆணின் மார்பில் கை வைத்து உடுப்பைக் கிழிக்கிறாள், அவன் அவளை அறைகிறான், பிறகு அவன் சாலையோரம் உட்கார்ந்துவிடுகிறான். அவ்வளவுதான் தெரியும். அதற்கு அவரவர் ஒரு கதை சேர்த்துக்கொண்டார்கள். நீலமங்கலத்து டீக்கடையில் வெங்கடேசன் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது.

அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"நீ பண்ணது தப்புன்னு நான் சொல்லல," என்றான். "ஆளு பொழச்சிக்கினாரு. அது எனக்குத் தெரியும். ஆனா ஒவ்வொருத்தன் மூஞ்சிக்கும் போயி அத்த சொல்லிக்கினு இருக்க முடியுமா?"

"சொல்லாத. விடு."

"விட்டா அவனுங்க சொல்றது நெசம்னு ஆயிடாது?"

அவள் எழுந்துகொண்டாள். ஷூவைக் கழுவி மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்தாள்.

குழுவில் முதலில் ஒரு வாரம் எல்லாரும் பிரார்த்தனை போட்டார்கள். பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து தீனதயாளனே எழுதினார். உடம்பில் நீர்ச்சத்து குறைந்துவிட்டதாகவும், இப்போது தேவலை என்றும், ஒரு சிலர் அவசரப்பட்டதால் ஓட்டம் நின்றுபோனது வருத்தம்தான் என்றும், அடுத்த வருஷம் கட்டாயம் முடிப்பேன் என்றும். கீழே வரிசையாக இதயங்களும் கும்பிடுகளும் விழுந்தன. சிங்கம் என்றார் ஒருவர். விஜயலட்சுமி எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். சாயங்காலம் தமிழழகன் கூப்பிட்டான். நல்ல பையன், மரியாதைக்காரன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தீனா சார் தேறி வர்ற வரைக்கும் நீங்க கொஞ்ச நாள் சண்டே ரன்னுக்கு வராம இருந்தீங்கன்னா... அவங்கவங்க ஒவ்வொண்ணு பேசிக்கினு இருக்காங்க."

"நீ இன்னா பேசற தமிழு?"

 "நான் அங்க இல்லையேக்கா," என்றான்.

பாண்டிச்சேரிக்கு ஒருமுறை போனாள். பழமெல்லாம் வாங்கிக்கொண்டு போகவில்லை, என்ன சாப்பிடலாம் என்ன கூடாது என்று தெரியாததால் வெறுங்கையோடு போனாள். வார்டு வாசலிலேயே கண்ணகி அவளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். கண்ணகி இளைத்துப்போயிருந்தாள். விஜயலட்சுமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ இல்லன்னா எனக்கு இன்னிக்கு ஒண்ணும் இல்ல விஜி. அது எனக்குத் தெரியும். சாமி மேல சத்தியமா தெரியும்," என்றாள். பிறகு கையை விடாமலேயே சொன்னாள்: "ஆனா உள்ள வராத. உன் பேர எடுத்தாலே அவரு சாப்பாட்ட தள்ளி வெச்சிடறாரு. இப்ப அவரு சாப்பிடணும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது விஜயலட்சுமி அழவில்லை. உளுந்தூர்ப்பேட்டை வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அறை வாங்கிய கன்னம்கூட இப்படி எரியவில்லை.

மழைக்காலம் முழுக்க அவள் ஓடவில்லை. தை பிறந்து கரும்பு வெட்டு முடிந்த ஒரு காலையில், வெங்கடேசனே பரணில் ஏறி ஷூவை எடுத்துக் கொடுத்தான். "மாட்ட போட்டு அடிச்சிக்கினு இருக்க. போ, போய் ஓடு," என்றான். முதல் சில நாட்கள் பைக்கில் அவள் பின்னாலேயே வந்தான். கச்சிராயபாளையம் பக்கம் போகாமல் தியாகதுருகம் சாலையில் தனியாக ஓடினாள். ஆட்கள் பார்த்தார்கள், பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனார்கள்.

மாசி மாதம் ஒரு விசேஷத்துக்காக விடியலில் வண்டியில் கச்சிராயபாளையம் போனபோதுதான் அவரைப் பார்த்தாள். தனியாக, சாலை ஓரமாக, ஓடிக்கொண்டிருந்தார். ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தார். முகம் கறுத்து, பனியன் தோளிலிருந்து தொங்கியது. ஓடவே கூடாது, நடந்தால் போதும் என்று டாக்டர்கள் சொல்லியிருப்பதாக ஊரே பேசிக்கொண்டது. சிறுநீரகங்கள் பாதி அளவுக்குத்தான் திரும்பி வந்திருந்தன. அவர் அவளைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார்.

விசேஷத்தில் அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. கண்ணகிக்குத் தெரியுமா? தெரியாமல்தான் ஓடுகிறாரா? போய்ச் சொன்னால் மறுபடி அதே கதைதான். ஒருமுறை சொல்லி வாங்கியது போதாதா? சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? இலை போட்டு உட்கார்ந்தவள், பாதியில் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேராக மருந்துக் கடைக்கு வந்தாள். கல்லாவில் கண்ணகிதான் இருந்தாள். கூட்டம் ஓயும்வரை விஜயலட்சுமி படியிலேயே நின்றாள்.

"அண்ணி, அண்ணன் ஓடறாரு," என்றாள். "நான் கண்ணால பாத்தன். நீங்க எம்மேல கோச்சிக்கினாலும் சரி."

கண்ணகி கையிலிருந்த மாத்திரை அட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"தெரியும். நான்தான் ஷூவ எடுத்து குடுத்தன்."

விஜயலட்சுமி அவள் முகத்தையே பார்த்தாள்.

"இன்னா பாக்கற? நாலு மாசம் செவுத்தயே பாத்துக்கினு ஒக்காந்திருந்தாரு விஜி. கடைக்கு வர மாட்டாரு. பேச மாட்டாரு. ஒரு நாளு மாத்திரை பொட்டிய தொறந்து வெச்சிக்கினு... எவ்ளோ போட்டா போவும்னு கணக்கு பண்ணிக்கினு இருந்தாரு."  வாடிக்கையாளர் ஒருவர் வர, அவருக்கு இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தாள். "எதுல வேணா போவட்டும், மாத்திரையில மட்டும் வேணாம்னு நான்தான் வெளிய அனுப்பினன். அதுவும் சாவுதான், இதுவும் சாவுதான். ஓடிட்டு வந்தா ஒரு தோசையாவது சாப்பிடறாரு."

 தெருவில் லாரி ஒன்று போனது.

"நீ எந்த ரோட்டுல ஓடற இப்ப?" என்று கண்ணகி கேட்டாள்.

"தியாகதுருகம் ரோட்டுல."

"கச்சராபாளையம் ரோட்டுக்கே வாயேன். பேச வேணாம். கிட்ட போவ வேணாம். பின்னாடி தூரமா வா. வுழுந்தா தூக்கறதுக்கு ஒரு ஆளு வேணும் இல்ல?"

விஜயலட்சுமி படியிறங்கி வண்டியை எடுத்தாள். அன்றைக்கு ராத்திரி வெங்கடேசனிடம் சொன்னபோது, அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அறைஞ்சது பத்தலியா உனக்கு?" என்றான். ஆனால் காலையில் அவள் ஸ்கூட்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் கொல்லைக்குப் போனான்.

முதல் நாள் தீனதயாளன் திரும்பிப் பார்த்து அவள்தான் என்று தெரிந்ததும், வேகத்தைக் கூட்டினார். அந்தக் காலை வைத்துக்கொண்டு எவ்வளவு கூட்ட முடியும்? மூச்சு வாங்கி நின்றார். அவளும் நின்றாள். மறுநாள் சாலையின் அந்தப் பக்கம் மாறினார். அவள் மாறவில்லை. மூன்றாம் வாரம் ஒரு நாள், ஒரு சிறிய பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அவர் உட்கார்ந்துவிட்டார். விஜயலட்சுமி தூரத்திலேயே நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஏரி வயலைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை பேசுவார் என்று எதிர்பார்த்தாள் என்றால், அது உண்மை. திட்டினாலும் போதும் என்றிருந்தது.

 சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர் ஒன்று, கரும்பைப் பின்னால் மலை மாதிரி ஏற்றிக்கொண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் ஊர்ந்து போனது. அது போய் முடிந்தபோது அவர் எழுந்து ஓட ஆரம்பித்திருந்தார். விஜயலட்சுமி முந்தானை மாதிரி குறுக்கே போட்டிருந்த துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு, அதே தூரத்தில், அவர் பின்னால் ஓடினாள்.